ராணி கொடுத்த உப்பு

எங்கள் வீட்டில் மூன்று வருடமாகச் சண்டையே இல்லை. அக்கம்பக்கத்தில் இதைப் பார்த்துப் பொறாமைப்பட்டவர்கள்கூட உண்டு. எதிர்வீட்டுக்காரி தன் மருமகளிடம் என்னைக் காட்டி, குடும்பம் நடத்தினால் இப்படி நடத்த வேண்டும், ஒரு சத்தம் வெளியே வருகிறதா பார் என்று சொன்னாளாம். சத்தம் எங்கிருந்து வரும்? நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டால்தானே.

காரணத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் குரும்பலூரில் என் அப்பா இறந்துபோனார். எங்கள் பக்கத்தில் மாமனார் இறந்தால் மருமகன் புது வேட்டி எடுத்துக்கொண்டு வந்து உடலின் மேல் போர்த்த வேண்டும். கோடி போடுவது என்று அதற்குப் பெயர். என் அப்பாவுக்கு ஒரே மருமகன், என் வீட்டுக்காரர். அவர் வரவில்லை. கோடி விழாமலே என் அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தெருவே திரும்பி என் முகத்தைப் பார்த்தது. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து ஓரமாக உட்கார்ந்து சாப்பிடாமல் எழுந்து போனார். ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்பதற்கு அதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அவராகவும் சொல்லவில்லை. அன்றோடு பேச்சு நின்றது.

பிரிந்துவிடவில்லை, அது நடந்திருந்தாலாவது ஊருக்குப் புரிந்திருக்கும். ஜெயங்கொண்டத்தில் அதே வீட்டில்தான் இருந்தோம். முன்னறையில் என் தையல் மிஷின், வாசலில் அவருடைய தண்ணீர் டேங்கர் லாரி. சாப்பாடு ஆகிவிட்டது என்பதை மிக்ஸியிடம் சொல்வேன். ராத்திரி வர நேரமாகும் என்பதை அவர் லாரிச் சாவியிடம் சொல்வார். முக்கியமான விஷயம் என்றால் பெரம்பலூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மகளுக்குப் போன் போட்டு, அப்பாகிட்டச் சொல்லு என்பேன். பக்கத்து அறையில் அவருடைய போன் அடிக்கும். அவர் சரி என்று சொல்வது எனக்குச் சுவர் வழியாகவே கேட்கும். மகள் ஒருநாள், உங்க ரெண்டு பேருக்கும் நான் பொண்ணா, டவரா என்று கேட்டாள். நான் சிரித்தேன். அடுத்த அறையில் அவரும் சிரித்திருப்பார் போல, இருமல் சத்தம் கேட்டது.

எந்தப் பொருளையும் கையில் கொடுத்துக்கொள்ள மாட்டோம். காபி டம்ளரை மேசைமேல் வைத்துவிட்டு நான் கையை எடுத்த பிறகுதான் அவர் கை நீளும். இதைப் பழகவே ஆறு மாதம் ஆனது. பழகிய பிறகு, இதற்கு முன்னால் எப்படி இருந்தோம் என்பது மறந்துபோனது.

இப்படி இருக்கும்போதுதான் சினிமா வந்தது.

ஆண்டிமடம் போகும் வழியில், சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு பெரிய முந்திரிக்காட்டுக்குள் அரண்மனை செட் போட்டார்கள். சோழர் காலத்துக் கதை என்றார்கள். எந்த ராஜா என்று கேட்டால் யாரும் சொல்லவில்லை. கற்பனை ராஜா என்று மட்டும் சொன்னார்கள். கூட்டத்தில் நடிக்கும் பெண்களுக்குக் கச்சை தைக்க உள்ளூர்த் தையல்காரி வேண்டும் என்று தேடி, என்னிடம் வந்தார்கள். நான் இருபது வருடமாக ஜாக்கெட் தைக்கிறவள். சேலைக்குப் பீகோ, ஃபால்ஸ் அடிப்பவள். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஜாக்கெட்டை எனக்கு யார் சொல்லிக்கொடுத்தது? வரைந்து காட்டினார்கள். தைத்துவிட்டேன். தைத்த புதுத் துணியை எல்லாம் டீத்தூள் கொதிக்கவைத்த தண்ணீரில் முக்கி எடுத்துப் பழசாக்கினார்கள். பழசைப் புதுசாக்கித் தரச் சொல்லித்தான் என்னிடம் இதுவரை ஆட்கள் வந்திருக்கிறார்கள். இது தலைகீழ்.

செட்டுக்குள் முதல்முறை கால் வைத்த நாளை மறக்க மாட்டேன். நான் கங்கைகொண்ட சோழபுரம் கோயிலைச் சின்னதிலிருந்து பார்க்கிறவள். அந்தக் கல் வெயிலில் எப்படிச் சுடும், மழை விட்ட பிறகு எப்படி மணக்கும் என்று என் உள்ளங்கைக்குத் தெரியும். இங்கே முந்திரி மரங்களுக்கு நடுவே அதே நிறத்தில், அதே கறையோடு தூண்கள் நின்றன. ஓரத்தில் பாசி படிந்திருந்தது. ஒரு தூணில் சிங்கத்தின் மூக்கு உடைந்து, உடைந்த இடம்கூடக் காலத்தில் தேய்ந்துபோயிருந்தது. கையெடுத்துக் கும்பிடப் போய்விட்டேன். பக்கத்தில் நின்ற பெயின்டர் சிரித்துக்கொண்டே தூணைத் தட்டினார். டொக்கென்று பலகைச் சத்தம் கேட்டது. ஏமாந்துவிட்டோம் என்று எனக்குக் கோபம் வரவில்லை. மனிதன் நினைத்தால் ஆயிரம் வருடத்தை மூன்று வாரத்தில் செய்துவிடலாமா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

எங்கள் வாசலில் நிற்கும் டேங்கரும் அங்கே வந்தது. நூற்றுக்கணக்கான பேருக்குத் தண்ணீர் வேண்டுமே. என் வீட்டுக்காரருக்கு அந்த வேலை கிடைத்தது. காலையில் ஒரே வீட்டிலிருந்து ஒரே இடத்துக்கு அவர் லாரியிலும் நான் டவுன் பஸ்ஸிலும் போனோம். அவர் லாரி எங்கள் பஸ்ஸை முந்திக்கொண்டு போவதை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். செட்டில் நாங்கள் கணவன் மனைவி என்று யாருக்கும் தெரியாது. சொல்லவேண்டிய அவசியம் இரண்டு பேருக்கும் வரவில்லை.

என் வேலையைப் பார்த்துவிட்டு, ராணியாக நடிக்கும் பெண்ணுக்கே என்னைப் போட்டுவிட்டார்கள். ராணியின் கச்சையில் கொக்கி தெரியக் கூடாது. அதனால் தினமும் காலையில் அவளுக்கு உடுத்திய பிறகு முதுகுப் பக்கத்தை அவள் மேல் வைத்தே தைத்து மூடுவேன். சாயங்காலம் தையலைப் பிரித்துவிடுவேன். உடம்பில் இருக்கும் துணியைத் தைத்தால் ஆகாது என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். முதல் நாள் எனக்குக் கை கூசியது. அவள் அதெல்லாம் தெரியாமல், அக்கா, முந்திரிப்பழம் தின்னா தொண்டை கட்டிக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கட்டும், இன்றைக்குத் தின்னாதே என்றேன். சின்னப் பெண். என் மகளைவிட ஏழெட்டு வயது மூத்தவளாக இருப்பாள், அவ்வளவுதான்.

ஆனால் கடைசித் தையலைப் போட்டு நூலை அறுத்ததும் அவள் எழுந்து நிற்பாள் பாருங்கள். முந்திரிப்பழம் கேட்ட பெண்ணைக் காணோம். கழுத்து நீண்டுவிடும். கண் எங்கேயோ போய்விடும். கொலுசு இல்லாத காலோடு அவள் நடந்துபோனால் லைட் பிடிக்கும் ஆட்கள் தாமாகவே வழிவிடுவார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நானும் இரண்டடி பின்வாங்கினேன். நான் தைத்த துணிதான், நான் போட்ட முடிச்சுதான், இருந்தாலும் அந்த நேரத்தில் அவள் பக்கத்தில் போகப் பயமாக இருந்தது.

கதையை அவள்தான் எனக்குச் சொன்னாள். அசையாமல் நிற்க வேண்டும் என்பதால் பேச்சுத்தான் பொழுதுபோக்கு. இரண்டு நாடுகளுக்கும் சமாதானம் ஆகட்டும் என்று ராணியை அந்த ராஜாவுக்குக் கட்டிக்கொடுக்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறார்கள். பிறகு ஒருநாள் ராணியிடம் சொல்லாமலே ராஜா அவள் அப்பா நாட்டின் மேல் படையெடுத்துப் போகிறான். அந்தச் சண்டையில் அவள் அப்பா செத்துப்போகிறார். ராஜா வெற்றியோடு திரும்புகிறான். ராணி கத்தவில்லை, அழவில்லை, அரண்மனையை விட்டுப் போகவும் இல்லை. அன்றிலிருந்து ராஜாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எத்தனை வருஷம் என்று கேட்டேன். பதினாலு வருஷம் அக்கா என்றாள்.

ஊசி என் விரலில் ஏறிவிட்டது.

அன்றிலிருந்து எனக்கு அந்தக் கதை பிடித்துக்கொண்டது, பேய் பிடித்த மாதிரி. வேலை முடிந்தாலும் வீட்டுக்குப் போகாமல் படம் எடுப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அந்த ராஜா போகக்கூடாத இடத்துக்குப் படையோடு போனான். என் வீட்டுக்காரர் போகவேண்டிய இடத்துக்கு ஒரு வேட்டியோடு போகவில்லை. இரண்டும் ஒன்றா என்று எனக்குள் நானே வழக்கு நடத்தினேன். பதினாலு வருடம் என்பது மட்டும் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்தது. எனக்கு மூன்று முடிந்திருந்தது. இன்னும் பதினொன்று. அதற்குள் மகளுக்குக் கல்யாணம் ஆகிவிடும், பேத்தி வந்துவிடும். அந்தப் பேத்திக்கும் போன் போட்டு, தாத்தாகிட்டச் சொல்லு என்பேனா?

கடைசி வாரத்தில் அந்தக் காட்சியை எடுத்தார்கள். பதினாலு வருடம் கழித்து, தலை நரைத்த ராஜா வேலையாட்களை எல்லாம் அனுப்பிவிட்டு, தனியாக ராணியின் அறைக்கு வந்து சாப்பிட உட்காருகிறான். தலைவாழை இலை. ராணி பரிமாறுகிறாள். ராஜா, உப்பு என்று ஒரே ஒரு சொல் சொல்லிக் கையை நீட்டுகிறான். அவள் மண் கலயத்திலிருந்து உப்பை அள்ளி அவன் உள்ளங்கையில் வைக்கிறாள். அதோடு ராணியின் மனம் இளகிவிட்டது என்று ஜனங்கள் புரிந்துகொள்ள வேண்டும். எழுதிவைத்திருந்தது அவ்வளவுதான்.

இந்தப் படத்தில் நடிக்கும்போதே பேச்சையும் சத்தத்தையும் சேர்த்துப் பதிவு செய்தார்கள். அதனால் காட்சி ஓடும்போது ஒரு ஈ பறக்கக் கூடாது. ஜெனரேட்டரைக் காட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். போன்களை வாங்கி ஒரு கூடையில் போட்டுவிட்டார்கள். நான் கேமராவுக்குப் பின்னால், ஊசி நூலோடு நின்றேன். அத்தனை பேர் மூச்சை அடக்கி நிற்கும்போது வரும் அமைதி இருக்கிறதே, அதை நான் கோயிலில்கூடக் கேட்டதில்லை. ராஜா வந்தான். உட்கார்ந்தான். உப்பு என்றான். அவள் கலயத்தில் கையை விட்டு அள்ளினாள். கை அவன் கையை நோக்கிப் போனது.

"ஐயையோ, உப்பக் கையில குடுக்காத! சண்டை வரும்!"

கத்தியது நான்தான். வாயைப் பொத்திக்கொண்டபோது எல்லாம் முடிந்துவிட்டது. கட் என்று யாரோ சொன்னார்கள். அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின. ராஜாவாக நடித்தவரும் திரும்பினார். எங்கள் வீடுகளில் உப்பை யார் கேட்டாலும் கீழே வைப்போம், கேட்டவர் எடுத்துக்கொள்வார். கையில் கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் சண்டை வரும். நடை பழகுவதற்கு முன்பே பழகும் விஷயம் இது. யாராவது உப்பைக் கையில் கொடுக்கப் போனால் என் வாய் என்னைக் கேட்டுக்கொண்டா திறக்கும்? அவர்கள் எழுதி, ஒத்திகை பார்த்து, லைட் வைத்து, காலையிலிருந்து காத்திருந்து எடுத்த காட்சியை நான் கெடுத்தேன். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று இருந்தது.

இயக்குநர் எழுந்து வந்தார். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும், குரல் உயர்த்தாத மனிதர். திட்டப்போகிறார் என்று நின்றேன். என்னக்கா சொன்னீங்க, திரும்பச் சொல்லுங்க என்றார். சொன்னேன். எங்கள் வீட்டிலும் அம்மா அப்படித்தான் செய்வார், எனக்கு மறந்தே போய்விட்டது என்று தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு, அப்படியென்றால் ராணி உப்பைக் கீழே வைத்துவிட வேண்டியதுதானா என்று கேட்டார்.

அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் பயத்தில் இருக்கும்போது என் வாய் ஓடும்.

"கீழதாங்க வைப்பா. உப்பு மட்டுமில்ல, எதையுமே கையில குடுக்க மாட்டா. எங்க வூட்ல மூணு வருஷமா அப்படித்தான். டம்ளர வச்சிட்டு நான் கைய எடுத்தாதான் அவரு எடுப்பாரு. மூணு நாளு கோவம்னா பாத்திரம் உருளும். மூணு வருஷம்னா ஒண்ணும் உருளாது சார். எல்லாம் சரியா நடக்கும். சண்டையே இருக்காது."

சொல்லி முடித்த பிறகுதான், இத்தனை நாளும் யாரிடமும் சொல்லாததை ஊரறியச் சொல்லிவிட்டோம் என்று உறைத்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. இயக்குநர் மெதுவாக, சண்டை வரும் என்று தெரிந்தே ஒருத்தி கையில் கொடுத்தால் என்ன அர்த்தம் என்று கேட்டார்.

தெரிஞ்சே யாருங்க குடுப்பா என்றேன்.

ராணி இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே இருந்தாள். அள்ளிய உப்பு இன்னும் அவள் கையிலேயே இருந்தது.

"சண்டை வேணும்னு நெனைக்கிறவ குடுப்பா அக்கா," என்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இதை எழுதும்போதும் சிலிர்க்கிறது. என் மகளைவிடக் கொஞ்சம் மூத்த பெண், கல்யாணமே ஆகாதவள், மூன்று வருடமாக நான் வீட்டுக்குள் தேடிக்கொண்டிருந்ததை உப்புக் கையோடு எடுத்துச் சொல்லிவிட்டாள். பேசாமல் இருப்பதற்குப் பரிகாரம் நல்ல வார்த்தை என்றே நான் நினைத்திருந்தேன். நல்ல வார்த்தை யார் முதலில் சொல்வது என்பதிலேயே எங்கள் மூன்று வருடம் போயிருந்தது. சண்டை போட்டால் போதும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மறுபடியும் எடுத்தார்கள். இந்த முறை எழுதியபடி எடுக்கவில்லை. ராஜா, உப்பு என்றான். அவள் அள்ளினாள். வழக்கம்போல இலை ஓரத்தில் வைக்கப் போனாள். கை பாதியில் நின்றது. எவ்வளவு நேரம் நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. காட்டில் ஒரு கிளிகூடக் கத்தவில்லை. பிறகு அந்தக் கை திரும்பி, ராஜாவின் கைமேல் போய், மெல்லத் திறந்தது. உப்பு விழுந்தது. ராஜா தலைநிமிர்ந்து பார்த்தான். பதினாலு வருடத்துக்குப் பிறகு ராணியின் உதடு பிரிந்தது. அவ்வளவுதான். அவள் பேச ஆரம்பிக்கும் இடத்தில் காட்சி முடிந்துவிட்டது. என்ன பேசினாள் என்பது படத்திலேயே இல்லை.

யாரும் கைதட்டவில்லை. கட் என்று சொல்ல இயக்குநருக்கு வாய் வரவில்லை. பெயின்டர் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் வெளிப்படையாகவே அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், எனக்குப் பத்தடி பின்னால், செட்டின் பொய்த் தூணில் சாய்ந்து, கையில் தண்ணீர்க் குழாயோடு என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். டிரம் நிரப்ப வந்தவரை, சத்தம் போடக்கூடாது என்று நிறுத்திவைத்திருந்தார்கள். நான் கத்தியதிலிருந்து, எங்கள் வீட்டுக் கதையைச் சொன்னது வரைக்கும் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். என்னைப் பார்த்தார். குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலை அவர் லாரியிலும் நான் பஸ்ஸிலும்தான் வீட்டுக்கு வந்தோம். டம்ளரை மேசைமேல் வைத்தேன். கையை எடுத்தேன். அவர் எடுத்துக்கொண்டார். எதுவும் மாறவில்லை. அவரை அசிங்கப்படுத்திவிட்டேன், இனி ஜென்மத்துக்கும் பேச்சு இல்லை என்று முடிவு செய்துகொண்டேன். செட்டைப் பிரித்தார்கள். ஆயிரம் வருட அரண்மனை இரண்டு நாளில் நாலு லாரிப் பலகையாகப் போனது. முந்திரிக்காடு பழையபடி முந்திரிக்காடானது.

படம் வருவதற்கு ஏழெட்டு மாதம் ஆனது. மகள் லீவில் வந்திருந்தாள். அம்மா தைத்த படம் என்று சொல்லி மூன்று டிக்கெட் எடுத்துவிட்டாள். அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். வெள்ளைச் சட்டையை அவரே இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு முன்னால் வந்து நின்றார். தியேட்டரில் மகள் எங்களுக்கு நடுவில் உட்கார்ந்தாள்.

நான் தைத்த கச்சைகள் யானை உயரத்துக்குத் திரையில் வந்தன. பலகைத் தூண்கள் அங்கே கல்லாகிவிட்டிருந்தன. தட்டிப் பார்த்த எனக்கே கல்லாகத்தான் தெரிந்தது. டீத்தூள் கறை ஒரு ராஜ்ஜியத்தின் பழமையாக மாறியிருந்தது. என் கையால் செய்ததைப் பார்த்து நானே வாய்பிளந்து உட்கார்ந்திருந்தேன். பிறகு அந்தக் காட்சி வந்தது. ராஜா, உப்பு என்றான். ராணியின் கை நின்றது, திரும்பியது. தியேட்டரில் இருந்த பெண்கள் பாதிப் பேர் ஒரே நேரத்தில், ஐயையோ என்றார்கள். நான் அன்றைக்குக் கத்திய அதே ஐயையோ. உப்பு விழுந்ததும் மொத்தத் தியேட்டரும் அடங்கிவிட்டது. யாரும் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. மகளைத் தாண்டி அவரைப் பார்த்தேன். திரை வெளிச்சத்தில் அவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை மகள் பெரம்பலூர் பஸ் ஏறிவிட்டாள். மதியம் அவர் சாப்பிட வந்தார். சோறு போட்டு, கத்திரிக்காய்க் குழம்பு ஊற்றினேன். உப்பு ஜாடியைத் தட்டுக்குப் பக்கத்தில், எப்போதும் வைக்கும் இடத்தில் வைத்தேன். அன்றைக்குக் குழம்பில் வேண்டுமென்றே உப்பைக் குறைத்தேனா என்று மகள் இன்றுவரை கேட்கிறாள். அதைச் சொல்ல மாட்டேன். அவர் ஒரு வாய் சாப்பிட்டார். நிறுத்தினார்.

"உப்பு," என்றார்.

சாவியிடம் சொல்லவில்லை, சுவரிடம் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். ஜாடி அவர் முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளலாம். எடுக்கவில்லை. இடது கையை என் முன்னால் நீட்டினார். வால்வு திருகித் திருகிக் காய்த்துப்போன கை. நடுவிரலுக்குக் கீழே ஒரு வெட்டுத் தழும்பு இருந்தது. அது எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது. அத்தனை பெரிய செட்டும், தூணும், விளக்கும் பார்த்தவள் நான். அந்தக் கையைப் பார்த்தபோது வந்த பிரமிப்பு அங்கே எதிலும் வரவில்லை. சண்டை வேண்டும் என்று இந்த மனிதர் கேட்கிறாரே!

ஜாடியில் கைவிட்டு அள்ளினேன். அவர் கையில் வைத்தேன்.

"ஏன் வரல நீங்க?" என்றேன்.

சண்டை வந்தது. மூன்றரை வருடத்துச் சண்டை, கொஞ்சமாகவா வரும்? என் அப்பாவுக்கு நீங்க ஒரு மருமகனா என்று ஆரம்பித்து, பதினாறாம் நாள் சாப்பிடாமல் போனது, ஊர்ப் பெண்கள் என்னைப் பார்த்த பார்வை என்று எல்லாவற்றையும் கொட்டினேன். குரல் எங்கேயோ போனது. எதிர்வீட்டுக்காரி வாசலுக்கு வந்து நின்றுவிட்டாள். அவர் சோற்றுக் கையோடு எழுந்து வெளியே போனார். ஓடுகிறார் என்று நினைத்தேன். லாரியின் சீட்டைத் தூக்கி, ஜாக்கி வைக்கும் பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார்.

உள்ளே ஒரு வேட்டி. தொட்டதுமே தெரிந்துவிட்டது. உடுத்தாத துணி, கஞ்சி மொடமொடப்புப் போகவில்லை. மடிப்பு ஓரமெல்லாம் மஞ்சள் பூத்திருந்தது. வருடக்கணக்காகப் பிரிக்காத துணி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

"நாலு மணிக்கு எடுக்கறதாத்தான் எனக்குச் சொன்னாங்க. அரியலூர்ல கோடி எடுத்துக்கிட்டு மூணு மணிக்கெல்லாம் குரும்பலூர் வந்துட்டேன். தெருவுல பூவு சிந்திக் கெடக்கு. எடுத்துட்டாங்க. பொணம் போன வூட்டுக்குள்ள கோடியோட எப்படி நொழையறது? முக்குல நின்னுட்டுத் திரும்பிட்டேன்."

மழை இருட்டிக்கொண்டு வந்ததால் என் அண்ணன் இரண்டு மணிக்கே எடுக்கச் சொல்லிவிட்டார். அது எனக்குத் தெரியும். நான் அங்கேதான் இருந்தேன். என் வீட்டுக்காரருக்கு யாராவது சொன்னார்களா என்று அந்த அழுகையில் நான் நினைக்கவில்லை. அதற்குப் பிறகு இத்தனை வருடத்திலும் நினைக்கவில்லை. என் அப்பாவுக்குக் கோடி வந்திருக்கிறது. தெருமுனை வரைக்கும் வந்து நின்றிருக்கிறது.

இருந்தாலும் விடுவேனா? வந்து நிற்க வேண்டியதுதானே, என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே, இத்தனை வருடம் வாயில் என்ன இருந்தது என்று கத்தினேன்.

"நீ கேக்கவே இல்லையே," என்றார்.

வேட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவரும் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். சோறு ஆறிப்போயிருந்தது. வாங்கிய உப்பு சண்டையில் எங்கே சிந்தியது என்று தெரியவில்லை, கையில் ஒன்றும் இல்லை. வீட்டுக்குள் மறுபடியும் சத்தம் நின்றது. எங்கே பழையபடி ஆகிவிடுமோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

ஜாடியிலிருந்து இன்னொரு பிடி அள்ளினேன்.

"இந்தாங்க," என்றேன்.

அவர் கையை நீட்டினார்.